முதலில் தீ, பிறகு கமிட்டி

மலேசியத் தீயணைப்புப் படையின் அதிகாரபூர்வ வரலாறு ஒரே மூச்சில் முடிந்துவிடும். 1883-இல் எச். எஃப். பெல்லமி என்ற துரை, 15 பேரைச் சேர்த்துக்கொண்டு சிலாங்கூர் தொண்டூழியத் தீயணைப்புப் படையைத் தொடங்கினார். அவ்வளவுதான். படித்தால், ஒரு நல்ல மனிதர் காலையில் காப்பி குடித்துவிட்டு, ‘இன்றைக்கு ஊருக்கு ஏதாவது நல்லது செய்யலாமே’ என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியதுபோல் இருக்கும். அதற்கு முன்னால் எத்தனை ஊர் எரிந்தது, எரிந்த ஊரில் வாளி தூக்கியவன் யார், எரிந்து முடிந்ததும் யாருக்கு லாபம் என்பதையெல்லாம் வரலாறு நாகரிகமாக விட்டுவிட்டது. சிம்பாங் பூலாய்க்காரனான எனக்கு அத்தனை நாகரிகம் கிடையாது. ஒரு பக்கம் மலையை உடைத்துக் கல் எடுக்கும் சத்தம், மறுபக்கம் கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் லாரிச் சத்தம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவனிடம் மென்மையை எதிர்பார்க்காதீர்கள்.

அந்தக் காலத்து மலாயா நகரம் என்பது தீக்குச்சிக்குக் காத்திருக்கும் அடுப்பு. பலகைச் சுவர், அத்தாப்புக் கூரை, கடையோடு கடை ஒட்டி, வீட்டோடு வீடு ஒட்டி. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, அபின் விளக்கு, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, சாமிக்கு ஊதுபத்தி. இத்தனையும் வைத்துக்கொண்டு அந்த ஊர்கள் ஒருநாளாவது எரியாமல் இருந்ததைத்தான் தெய்வச் செயல் என்று சொல்ல வேண்டும். 1880-இல் தைப்பிங் எரிந்தது. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. அபின் கடையில் ஒரு விளக்கு கவிழ்ந்தது என்பார்கள். ஊர் எரிந்தால் யாராவது ஒருவன் விளக்கைக் கவிழ்த்திருக்க வேண்டும், அவன் அபின்காரனாக இருந்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. அதே ஆண்டு முடிவில் கோலாலம்பூருக்குள் பெருவெள்ளம் புகுந்தது. தீயும் தண்ணீரும் ஒரே ஆண்டில் வந்தன. ஒரே நாளில் வந்திருந்தால் பெல்லமிக்கு வேலையே இருந்திருக்காது.

அப்போது கோலாலம்பூரின் கப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர், யாப் ஆ லோய். ஊரில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. ஆகவே எரிந்ததிலும் பெரும்பகுதி அவருடையதே. வேறொருவர் என்றால் தலையில் துண்டு போட்டிருப்பார். இவர் உள்நாட்டுப் போரில் எரிந்த ஊரையே ஒருமுறை திரும்பக் கட்டியவர், அசரவில்லை. 1882-இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்தார் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். இனிமேல் செங்கல், ஓடு, இரண்டும் இல்லாமல் ஊருக்குள் கட்டடம் கூடாது என்று கிடுக்கிப்பிடி போட்டார். செங்கல் வேண்டுமென்றால் சூளை வேண்டும். சூளை போட்டவர்களில் நம் கப்பித்தானும் உண்டு. தீயால் அழிந்த ஊரை, தீயில் சுட்ட கல்லைக்கொண்டே கட்டினார்கள். அந்தச் சூளைகள் புகைந்த இடத்தில்தான் இன்று நாம் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம், தீபாவளிக்குச் சேலை பேரம் பேசுகிறோம். பிரிக்பீல்ட்ஸ்.

தீயில் காசு பார்ப்பது கப்பித்தான் கண்டுபிடித்த தொழில் அல்ல. பழைய ரோமாபுரியில் கிராஸஸ் என்று ஒரு கோடீஸ்வரர் இருந்தார். எங்காவது வீடு எரிகிறது என்று காதில் விழுந்தால் ஓடுவார், தண்ணீரோடு அல்ல, பணப்பையோடு. எரிகிற வீட்டையும், அடுத்து எரியப்போகிற பக்கத்து வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போடுவார். அவரிடம் கட்டடம் கட்டத் தெரிந்த அடிமைகள் 500 பேருக்கு மேல் இருந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரியில் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது இப்படித்தான். அவரோடு ஒப்பிட்டால் நம் கப்பித்தான் கோயில் தர்மகர்த்தா.

இந்தப் பின்னணியில்தான் 1883-இல் பெல்லமி வருகிறார். பொதுப்பணித் துறைக்காரர். சாலை, பாலம், கட்டடம் எல்லாம் அவர் தலையில். ஊர் எரிந்தால் திரும்பக் கட்ட வேண்டியவரும் அவரே. அதனால் எரியாமல் பார்த்துக்கொள்ள அவரைவிடக் கவலைப்பட்ட ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஊர் எரிந்தது 1881, படை வந்தது 1883. நடுவில் இரண்டு ஆண்டுகள். இதைத் தாமதம் என்று சொல்லாதீர்கள். நம்மூரில் ஒரு சாலைக் குழியை மூட ஆகும் காலத்தோடு வைத்துப் பார்த்தால் பெல்லமி மின்னல்.

அந்தக் காலத்துக் கைப்பம்பு எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் அந்த 15 பேர் மேல் தனி மரியாதை வரும். தொட்டி ஒன்று, அதற்குள் இரண்டு உருளை, மேலே நீளமான இரண்டு கட்டை. இந்தப் பக்கம் நாலு பேர் அமுக்க, அந்தப் பக்கம் நாலு பேர் எழும்ப, அவர்கள் அமுக்க இவர்கள் எழும்ப. ஏற்றம் இறைத்தவனுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில நிமிடம் அமுக்கினாலே தோள் கழன்றுவிடும், அடுத்த கூட்டம் மாற வேண்டும். தொட்டியில் தண்ணீர் தானாக வராது. ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வாளி வாளியாக வர வேண்டும். அதாவது பம்புக்குப் பின்னால் வாளி, வாளிக்குப் பின்னால் வரிசையாக ஆள், அந்த ஆளுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கும் பாதி ஊர். அத்தாப்புக் கூரை பற்றிக்கொண்டால் இத்தனை ஏற்பாடும் முடிவதற்குள் கூரை கதை முடிந்துவிடும். ஆகவே படையின் உண்மையான ஆயுதம் கொக்கி. நீளக் கம்பின் நுனியில் இரும்புக் கொக்கியை மாட்டி, இன்னும் எரியாத பக்கத்து வீட்டுக் கூரையை இழுத்துக் கீழே போடுவார்கள். தீ தாவ வழியிருக்காது. எரிகிற வீட்டுக்காரன் விதியை நொந்துகொள்வான், எரியாத வீட்டுக்காரன் தீயணைப்புப் படையைத் திட்டுவான். படைக்குப் பொதுமக்களின் அன்பு கிடைக்கக் கொஞ்சம் காலம் பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தொண்டூழியர் படைக்கெல்லாம் பெரியப்பா முறை வேண்டும் என்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளியும், சாமான்களை அள்ளிப்போட வலுவான பையும் கூடையும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு வராதவனுக்கு அபராதம். அந்த அபராதப் பணத்தில்தான் பம்பு, ஏணி, கொக்கி எல்லாம் வாங்கினார்கள் என்று பிராங்கிளினே எழுதியிருக்கிறார். எல்லோரும் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வந்திருந்தால் ஏணி கிடைத்திருக்காது. இந்த விதியை நம் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்குப் போட்டிருந்தால், பேராக் மாநிலத்தில் இன்று சங்கத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் நின்றிருக்கும்.

பின்னாளில் அமெரிக்க நகரங்களில் தொண்டூழியப் படைகள் பெருகின. பெருகியதும் எந்தப் படை முதலில் தண்ணீர் அடிப்பது என்று தெருவிலேயே அடிதடி. வீடு ஒரு பக்கம் எரிய, படைக்காரன் மூக்கு இன்னொரு பக்கம் உடைந்தது. பொறுத்துப் பார்த்த சின்சினாட்டி நகரம் 1853-இல் தொண்டு போதும் என்று கும்பிடு போட்டுவிட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்தது. சம்பளம் வாங்குகிறவன் சண்டை போட மாட்டான் என்று எவர் சொன்னாரோ தெரியாது, தீ விஷயத்தில் அது பலித்தது.

இனி நம்ம ஊர். சுவெட்டன்ஹாம் கோலாலம்பூரைச் செங்கல்லாக்கிவிட்டு, 1889-இல் பேராக்குக்கு ரெசிடெண்டாக மாற்றலாகி வந்தார். வந்து மூன்றாவது ஆண்டு, 1892-இல், ஈப்போ எரிந்தது. 123 வீடுகள். மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார். தீயைப் பார்த்து ஊரைத் திருத்துவதில் இந்த நாட்டில் அவருக்கிருந்த அனுபவம் வேறு எவருக்கும் இல்லை. ஈயக் காய்ச்சலில் கண்டபடி முளைத்த ஈப்போ, எரிந்த பிறகுதான் நேர்க்கோட்டுத் தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாகக் கட்டம் போட்ட ஊரானது. இன்று பழைய நகரத்தில் வெள்ளைக் காப்பி குடித்துக்கொண்டு, ‘எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டுக் கட்டியிருக்கான்’ என்று சிலாகிக்கிறோம். திட்ட அதிகாரி அந்தத் தீதான். கட்டணம் வாங்காமல் இடித்துக் கொடுத்தது.

மதுரையை எரித்த கண்ணகிகூட, யார் யாரை விட வேண்டும் என்று தீக்கடவுளிடம் பட்டியல் கொடுத்தாள். பசு, பத்தினி, முதியோர், குழந்தை என்று நியாயமான பட்டியல். ஈப்போ இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்குத் தீ யாரிடமும் பட்டியல் கேட்கவில்லை. கூரை என்ன ஓலை என்று மட்டும் பார்த்தது.

இந்த வரலாற்றில் எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. சிம்பாங் பூலாயிலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் கோப்பேங். ஈப்போவில் தீயைப் பார்த்து வாளியைத் தேடிய அதே காலத்தை ஒட்டி, கோப்பேங்கில் எஃப். டி. ஆஸ்போர்ன் என்ற துரையும் கூட்டாளிகளும் மலைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஈயம் எடுத்தார்கள். மேலேயிருந்து இறங்குகிற தண்ணீருக்கு அசுர வேகம். அதை இரும்பு மூக்கு வழியாகப் பீய்ச்சி அடித்தால், நின்ற மேடு குழம்பாகக் கரைந்து ஓடும். குழம்பை மரப் பலகைக் கால்வாயில் ஓடவிட்டால் மண் போய்விடும், ஈயம் அடியில் தங்கிவிடும். பின்னாளில் பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்களில் இதே பீய்ச்சல்தான், பம்பு வைத்து. ஆக, மலையையே கரைக்கிற தண்ணீர் நம்மிடம் இருந்தது. அது தீயை நோக்கித் திரும்பவில்லை. ஈயம் எங்கே இருந்ததோ அங்கே தண்ணீர் போனது. மனிதன் எங்கே இருந்தானோ அங்கே வாளி போனது. இதற்கு மேல் ஒரு காலனி ஆட்சியின் வரவு செலவுக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

பிறகு ரப்பர் வந்தது, நம் சனமும் கப்பலில் வந்தது. தோட்டத்தில் தீ என்றால் முதலில் நினைவுக்கு வருவது புகைவீடு. காலையில் மரம் சீவி, மங்கில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா போட்டுத் தூக்கிவந்து, ஸ்டோரில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, மெஷினில் கொடுத்து வரி வரியாக ஷீட் ஆக்குவார்கள். அதைப் புகைவீட்டுக்குள் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, 50, 60 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு நாள் புகை போடுவார்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மரத்தால் வீடு கட்டி, அதற்குள் எரியக்கூடிய பொருளை நூற்றுக்கணக்கில் தொங்கவிட்டு, அடியில் வேண்டுமென்றே நெருப்பு வைத்து, இரவெல்லாம் அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழ வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. உலகத்திலேயே தீ விபத்துக்குத் தனிக் கட்டடம் கட்டிக்கொடுத்த தொழில் ரப்பர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எரிந்தால் என்ன நடக்கும்? ஆபீசுக்கு முன்னால் கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒருவன் ஓடிப்போய் அடிப்பான். அங்கேதான் சிக்கல். தினமும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிப்பதும் அதே தண்டவாளம். நடு ராத்திரியில் அது ஒலித்தால், லயத்தில் படுத்திருப்பவனுக்குத் தீ நினைவுக்கு வராது. ‘அதுக்குள்ள விடிஞ்சிருச்சா’ என்று போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வான். கெட்டிக்காரன் வயிற்று வலி என்று மனைவியிடம் சொல்லிவைப்பான். புகை மூக்கில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பான். மேற்கொண்டு காட்சியைக் கற்பனை செய்ய அதிகம் மெனக்கெட வேண்டாம்.

“ஐயா, பொகவீடு எரியுதுங்க!”

“எத்தன ஷீட்டுடா உள்ள?” என்பார் கிராணி ஐயா, கைலியை இறுக்கிக்கொண்டே.

“ஷீட்டு தெரியாதுங்க. ஆளு வெளிய வந்துட்டான்.”

“அவன் கெடக்கான். கணக்குப் புஸ்தகம் எங்கடா?”

தொண்டூழியம் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் தெளிவான அர்த்தம் இருந்தது. கங்காணி கையைக் காட்டுவார், நீ ஓடுவாய். ஓவர்டைம் கிடையாது. பால் சுமந்த அதே வாளி, அதே காண்டா, கிணற்றடியிலிருந்து புகைவீடு வரை ஆணும் பெண்ணும் வரிசை. விடிந்ததும் அதே ஆட்கள் பெரட்டில் நிற்க வேண்டும், கண் சிவந்திருந்தால் அது அவரவர் பாடு. பெல்லமிக்கு 15 பேர், தோட்டத்துக்கு மொத்த லயமும். பெல்லமியின் பேர் புத்தகத்தில் இருக்கிறது.

லயமே எரிந்தால்? பத்துக் கதவு ஒரே கூரை. முதல் கதவில் பிடித்தால் பத்தாவது கதவுக்காரன் சட்டி பானையைத் தூக்கிவிடுவான், அனுபவம். இதே காலத்தில் பத்து காஜா பக்கம் வில்லியம் கெல்லி சுமித் துரை, தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து மாளிகை கட்டினார். அதில் லிஃப்ட் வைக்கத் திட்டம். லிஃப்ட் வரவில்லை, 1926-இல் துரை போய்ச் சேர்ந்தார், மாளிகை பாதியில் நின்றது. அதற்குத் தீ ஒன்றும் செய்யவில்லை. செங்கல் ஆயிற்றே.

நம் சனம் தீக்குப் பயந்த சனம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மாரியம்மன் திருவிழா வரட்டும். காப்புக் கட்டி, விரதமிருந்து, மஞ்சள் துணி உடுத்தி, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, தணல் பரப்பிய பூக்குழியில் இறங்க வரிசையாக நிற்பார்கள். வேண்டாம் என்று தடுத்தாலும் கேட்க மாட்டார்கள். மறுமுனையில் பால் குழி, கால் நனைக்க. தீயை மிதிக்க இத்தனை தொண்டர்களைத் திரட்டிய சமூகம் உலகத்தில் அபூர்வம். அணைக்கக் கூப்பிட்டால்தான் வயிற்று வலி வந்துவிடும்.

1948-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்ததும் வரலாறு தலைகீழானது. அதுவரை புகைவீடு தானாக எரிந்தது. இப்போது கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வந்து கொளுத்தினார்கள், மரங்களையும் வெட்டிச் சிதைத்தார்கள். அவர்களுக்கு உதவி போகாமல் தடுக்க, 1950-இலிருந்து பிரிக்ஸ் திட்டம் என்று சொல்லி, காட்டோரத்தில் குடியிருந்த ஐந்து லட்சம் பேர் அளவுக்குப் புதுக் கிராமங்களில் கொண்டுவந்து அடைத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். முள்வேலி, காவல் கோபுரம், ராத்திரியானால் கேட் பூட்டு, ஊரடங்கு. உள்ளே பலகை வீடுகள், மறுபடியும் நெருக்கி நெருக்கி. 70 ஆண்டுக்கு முன் தைப்பிங்கும் கோலாலம்பூரும் படித்த பாடத்தை அரசாங்கம் திரும்பவும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கியது. நடு ராத்திரியில் தீப்பிடித்தால் கேட்டைத் திறக்க யார் உத்தரவு போடுவது என்று யோசிப்பதற்குள் தீ ஊரடங்கை மீறிவிடும்.

இந்தப் புதுக் கிராமங்களில்தான் மலேசியக் கிராமத்துத் தொண்டூழியத் தீயணைப்புப் படை வேர் பிடித்தது. டவுனிலிருந்து வண்டி வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று தெரிந்த சீனச் சமூகம், சொந்தக் காசைப் போட்டு, பழைய வண்டி வாங்கிப் பம்பு மாட்டி, மளிகைக்கடைக்காரனும் மெக்கானிக்கும் மீன் வியாபாரியுமாகப் படை அமைத்தது. கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஹெல்மெட்டோடு ஓடுகிறவர்கள். பல ஊர்களில் அந்தப் படைகள் இன்றும் இருக்கின்றன, வண்டியும் பளபளவென்று இருக்கிறது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பொறாமை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. நாமும் வசூல் செய்தோம், நன்றாகவே செய்தோம், கோபுரம் எழுந்தது. ஒரு பம்பும் எழுந்திருக்கலாம்.

1976 ஜனவரி 1-இல் தீயணைப்பை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1988-இல் தீயணைப்புச் சட்டம். 1997-இல் பெயரோடு ‘மீட்பு’ம் சேர்ந்தது. அதிலிருந்து படைக்கு ஓய்வில்லை. சமையலறையில் பாம்பு, கூரையில் குளவிக்கூடு, விரலில் கழற்ற முடியாத மோதிரம், கால்வாயில் விழுந்த பூனை, எல்லாம் அவர்கள் தலையில். தீயும் இடையிடையே உண்டு. ஈயம் தோண்டித் தண்ணீர் தேங்கிய குட்டைகளில் குழாய் இறக்கி உறிஞ்சி அணைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் கடைசியாக வேலைக்கு வந்து சேர நூறு ஆண்டு ஆனது.

தொண்டூழியராகச் சேர விருப்பமுள்ள இளைஞர்கள் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். வாளி கொண்டுபோக வேண்டாம், அவர்களிடம் இருக்கிறது. சேர வயதில்லாத என்னைப் போன்றவர்களுக்கு வேறு வேலை உண்டு. உங்கள் தாமான் தெருவோரத்தில் குட்டையாக ஒரு தண்ணீர்க் குழாய் நட்டிருப்பார்கள், தீயணைப்பு வண்டிக்காக. வெளியே வந்து அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை மறைத்துக்கொண்டு நிற்பது உங்கள் கார் என்றால், தயவுசெய்து இப்போதே எடுத்துவிடுங்கள்.